நின்றால் அணையும் விளக்கு

முதலில் மில் பஸ்ஸை நிறுத்தினார்கள். டீசல் விலை ஏறிவிட்டது என்றார்கள். முதலாளி வீட்டுக் கார்கள் தண்ணீரிலா ஓடின?

அடுத்து, காலனிக்குப் போகும் உள்பாதையில் வேலி போட்டார்கள். சைக்கிள்கள் எல்லாம் நெடுஞ்சாலைக்கு வந்தன.

அதன்பின் சாலை விளக்குகள் எரியாமல் போயின. மனு கொடுக்கப்பட்டது. மனு மட்டும் பத்திரமாக இருந்தது.

அதற்கும் பிறகு, இருட்டில் வண்டி மோதி ஒருவனுக்குக் கால் போனது. சைக்கிளில் விளக்கு இல்லை, ஓட்டியவரின் கவனக்குறைவு என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது.

அப்புறம்தான் வேலைநிறுத்தம். அதில் வென்றதுதான் விளக்கு. ஆளுக்கொரு டைனமோ, முன்னும் பின்னும் விளக்கு, மில்லின் செலவில்.

வென்று கொடுத்தவர் சங்கச் செயலாளர் கோட்டைச்சாமி. பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர். துண்டறிக்கைகளே அவருக்குப் பாடப்புத்தகம். அவருடைய ஆசான் சங்கத் தலைவர் இருதயமேரி. வயதில் அவரைவிட இளையவர். எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்று இரண்டையும் கற்றுக்கொடுத்தவர். கோட்டைச்சாமி முதலாவதை மட்டும் முழுதாகக் கற்றிருந்தார்.

விளக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஷிப்ட் முடிந்து இருட்டில் சைக்கிளில் வீடு திரும்பிய பஞ்சவர்ணத்தின் மேல் பின்னாலிருந்து லாரி ஏறியது. அங்கேயே உயிர் போயிற்று.

மறுநாள் சாயங்காலம் மில் வாசலில் இரங்கல் கூட்டம். அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவுக்குக் காரணமானவர்களின் பெயர்களை மேடையில் ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் ‘ஒழிக’ சொல்லும்.

கூட்டத்துக்கு முன்னால் கோட்டைச்சாமி சங்க அலுவலகத்துக்கு வந்தார்.

“விளக்கு இருந்துச்சு தோழர். புது விளக்கு. அப்புறமும் எப்படி ஏத்துனான்? அவனுக்குக் கண்ணு கிடையாதா?”

இருதயமேரி எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

“உங்க சைக்கிளை உள்ள கொண்டாங்க.”

கொண்டுவந்து ஸ்டாண்டு போட்டார்.

“டைனமோவை டயர்ல சாய்ச்சுட்டு, பெடலைச் சுத்துங்க.”

குனிந்து கையால் சுற்றினார். சுவரில் வெள்ளை வட்டம் விழுந்தது. அந்த நிலையிலும் அவர் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது.

“பாருங்க, என்னமா அடிக்குது! பின்னாடி சிவப்பும் எரியுது பாருங்க!”

“சக்கரத்தைப் பிடிங்க.”

பிடித்தார். வட்டம் போனது. சிவப்பும் போனது.

“பஞ்சவர்ணம் எங்க இருந்தா, அடிபடும்போது?”

“காலனித் திருப்பத்துல. ரோட்டைக் கடக்கணுமே. எதிர்ல வண்டி வருதுன்னு காலை ஊனி நின்னு...”

சக்கரத்தைப் பிடித்த கையை எடுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

தரையைப் பார்த்தபடி பேசினார்.

“கடைக்காரர் மூணு தினுசு காட்டினாரு தோழர். பேட்டரி விளக்கு வேணாம்னேன். அது தீரும்போதெல்லாம் மேனேஜர் முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். இது நம்ம காலுலேயே பொறக்குற வெளிச்சம்னு நெனச்சேன்.”

“மூணாவது?”

“சக்கரத்து அச்சுக்குள்ளேயே டைனமோ. விளக்கு கரண்டைச் சேத்து வச்சு, நின்னாலும் கொஞ்ச நேரம் எரியும்னாரு. ஆனா ஒவ்வொரு சக்கரத்தையும் பிரிச்சுக் கோக்கணும், நாளாகும்னாரு. எனக்கு மே தினத்துக்குள்ள வேணும்.”

“எதுக்கு?”

“சைக்கிள் ஊர்வலத்துக்கு.”

கோட்டைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

“விளக்கு குடுத்த அன்னைக்குப் பின்வரிசையில ஒரு பொம்பளை கேட்டுச்சு. ‘நின்னா அணைஞ்சுபோகுதேண்ணே’ன்னு.”

“அதுக்கு நீங்க சொன்னதைச் சொல்லுங்க.”

“தொழிலாளி ஏன் தாயி நிக்கணும், முன்னேறிக்கிட்டே இருன்னேன். கைதட்டுனாங்க தோழர். எல்லாரும் சிரிச்சுக் கைதட்டுனாங்க.”

“ம்.”

“நான் ஆளைக் கொன்னுட்டேனா?”

இருதயமேரி செருப்பை மாட்டிக்கொண்டார். “வாங்க. கூட்டம் சேர்ந்திருக்கும்.”

கோட்டைச்சாமி வாசலை மறித்தார்.

“வெளிய சொல்லிராதீங்க. எனக்காகக் கேக்கல. கம்பெனி வக்கீல் இதையே பிடிச்சுக்குவான். சங்கம்தான் காரணம்பான். பஞ்சவர்ணம் பிள்ளைகளுக்கு நஷ்டஈடு ஒரு சல்லி வராது.”

“சொல்லலேன்னா?”

இருதயமேரி அவரை விலக்கிக்கொண்டு வெளியே காலெடுத்து வைத்தார்.

“இன்னைக்கு ஷிப்ட் முடிஞ்சு அந்தத் திருப்பத்துல யாரும் காலை ஊன மாட்டாங்களா தோழர்?”

மில் வாசலில் கூட்டம் நிறைந்திருந்தது. பஞ்சவர்ணத்தின் புருஷன் பிள்ளைகளோடு முன்னால் உட்கார்ந்திருந்தான். கேட்டுக்கு உள்ளே நின்று நிர்வாகத்து ஆள் ஒருவன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

இருதயமேரி படித்தார். பஸ்ஸை நிறுத்திய மில் நிர்வாகம். ஒழிக. பாதையை அடைத்த மேனேஜர். ஒழிக. விளக்குப் போடாத அதிகாரிகள். ஒழிக. கண்மண் தெரியாமல் லாரியை விரட்டியவன். ஒழிக.

“சங்கத் தலைவர், அ. இருதயமேரி.”

வழக்கம் பொல்லாதது. நாலைந்து வாய்கள் ‘ஒழி’ வரைக்கும் போய்விட்டன. பிறகு மைக்கின் இரைச்சல் மட்டும் கேட்டது. புருஷன் தலையை நிமிர்த்தினான்.

“நின்னா அணையுற விளக்கைச் சங்கம் வாங்கிக் குடுத்துச்சு. பஞ்சவர்ணம் நின்னப்போ விளக்கு எரியல. அணையுதேன்னு அன்னைக்கே ஒருத்தி கேட்டா. சிரிச்சோம். மேடையில உக்காந்து நானும் சிரிச்சேன். நின்னாலும் எரியுற விளக்கு வர்ற வரைக்கும் திருப்பத்துல தனியா நிக்காதீங்க. டார்ச்சோட நான் அங்க நிப்பேன்.”

செல்போன்காரன் இன்னும் இரண்டடி முன்னால் வந்தான்.

கோட்டைச்சாமி மேடையேறி ஓடிவந்தார். மைக்கைக் கையால் பொத்தினார்.

“என்ன தோழர் இது! விளக்கை வாங்குனது நான். சிரிக்க வச்சதும் நான். உங்க பேரை ஏன் படிச்சீங்க?”

“என் பேரைத்தான் நான் படிக்க முடியும்” என்றார் இருதயமேரி. மைக்கை அவர் கையிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கி, கூட்டத்தோடு உட்கார்ந்துகொண்டார்.

கோட்டைச்சாமி கூட்டத்தைப் பார்த்தார். முன்னால் இருந்த பிள்ளைகளைப் பார்த்தார். கேட்டுக்குள் நீண்டிருந்த செல்போனைப் பார்த்தார். மைக்கைப் பொத்திய கையை எடுத்தார்.

“சங்கச் செயலாளர், ரா. கோட்டைச்சாமி.”