மூன்றாவது தொட்டி

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் எள்ளு போட்டால் எள்ளு விழாத கூட்டம். அத்தனை பேருக்கும் குடிதண்ணீர் கொடுக்கும் பொறுப்பு இசக்கியப்பனுடையது. நகராட்சியில் முப்பது வருஷம் தண்ணீர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "பிளாஸ்டிக் பாட்டில் ஒண்ணுகூட உள்ளே வரக்கூடாது. அவங்கவங்க சொம்பைக் கொண்டு வரட்டும், தண்ணிக்கு நான் பொறுப்பு" என்று கமிட்டிக்காரர்கள் முன்னால் மார் தட்டியவரும் அவரேதான்.

உச்சி வெயில். இரண்டு தொட்டிகள் காலி. மூன்றாவதைத் திறக்குமுன், சின்னக் குப்பியில் அந்தத் தண்ணீரைப் பிடித்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தார். குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டும். ஆகவில்லை.

ஆற்றங்கரைக் கிணற்றிலிருந்து லாரியில் வந்த தண்ணீர் அது. மூன்று நாளாக அந்தக் கரையில்தான் கூட்டம் குளிக்கிறது, மற்ற எல்லாமும் செய்கிறது. காலை அவசரத்தில் இசக்கியப்பன் அதில் குளோரின் கலக்க மறந்துவிட்டார். இப்போது கலந்தாலும் அரை மணி நேரம் யாரும் தொடக்கூடாது. சொன்னால் கூட்டம் அடிக்க வரும். கமிட்டி பாட்டில் லாரிக்குப் போன் போடும், அவர் மானம் கப்பலேறும். சொல்லாமல் திறந்துவிட்டாலோ, குழந்தை குட்டிகளுக்குக் காலரா கண்டால்?

பந்தலின் ஓரத்தில் அமலவல்லி அம்மா சொம்பு கழுவிக்கொண்டிருந்தார். இசக்கியப்பனின் குரு. வயதில் அவரைவிடப் பதினைந்து வருஷம் இளையவர்.

"அம்மா, பயத்தை எப்படி விடுறது?"

"என்ன பயம், அண்ணாச்சி?"

"சும்மா, பொதுவாக் கேட்டேன்."

"பொதுவாக் கேக்கிறதுக்கா இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"வெயிலும்மா."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒரு சொம்புடன் மூன்றாவது தொட்டிக்குப் போனார். வரிசை வழிவிட, முதல் ஆளாக நின்றார்.

"எனக்குத் தாகமா இருக்கு. திறங்க."

இசக்கியப்பன் குழாயில் கை வைத்தார். அம்மாவுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள்.

"சீக்கிரம் திறங்கண்ணாச்சி. பிள்ளைக்கு நாக்கு வறண்டு போச்சு."

"என்னவே, குழாயைப் பிடிச்சுக்கிட்டுத் தவம் பண்ணுதீரு?" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கத்தினார். வரிசை சிரித்தது. அப்புறம் முண்டியது.

கை திருக மாட்டேன் என்றது. இசக்கியப்பன் குனிந்து, அம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"நீங்க இதைக் குடிக்காதீங்கம்மா. வீட்டுல கொதிக்க வச்சு ஆத்துன தண்ணி ஒரு செம்பு கொண்டு வந்திருக்கேன். உங்களுக்கு அதைத் தாரேன்."

"நல்லது" என்றார் அம்மா. கைக்குழந்தைக்காரியை முன்னால் விட்டு ஒதுங்கினார். "முதல்ல இவளுக்கு அதைக் கொடுங்க, அண்ணாச்சி. அப்புறம் இவ பின்னால நிக்கிறவங்களுக்கு. நான் கடைசியா வந்து வாங்கிக்கிடுதேன்."

சொல்லிவிட்டு, வரிசையின் கடைசியைத் தேடி நடந்தார்.

இசக்கியப்பனுக்குப் பயம் போகவில்லை. குழாயிலிருந்து கையை எடுத்து, கூட்டத்தைப் பார்த்து வாயைத் திறந்தார்.