தரம் சொல்லும் நாற்காலி

"இன்னும் எத்தனை காலம் டீச்சர் நான் நின்னுக்கிட்டே இருக்கிறது?"

சூசைராஜ் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த காசெல்லாம் கலகலத்தது.

திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபம். நாணயக் கண்காட்சி. கதவு திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். வெளியே டப்பாவும் ஆல்பமுமாகக் கூட்டம் நெருக்கியடித்தது. கொண்டுவரும் காசைப் பார்த்துத் தரம் சொல்லும் மேசையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் ஜமீலா. மற்றது காலி.

அந்தக் காலி நாற்காலிதான் சண்டைக்குக் காரணம்.

சூசைராஜுக்குப் பழைய இரும்புக் கடை. தெருத்தெருவாகத் தொண்டை கிழியக் கத்தி, தராசோடு மல்லுக்கட்டி ஆளானவர். தலை நரைத்தபிறகு பழங்காசுக் கிறுக்கு பிடித்தது. தன் கடைசித் தங்கையைவிடச் சின்னவளான ஜமீலாவிடம் கைகட்டி நின்று கற்றுக்கொண்டார்.

"எனக்கு என்ன தெரியலைங்கிறீங்க? தேய்மானம் தெரியலையா? புளி போட்டு விளக்கின காசைப் பார்த்ததும் சொல்லலையா?"

"தெரியும்ணே. உங்க அளவுக்கு இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது."

"பின்னே? இரும்புக் கடைக்காரன் உட்கார்ந்தா நாற்காலி துருப்பிடிச்சிருமோ?"

ஜமீலா சிரிக்கவில்லை.

சூசைராஜ் மேசையிலிருந்து கையை எடுத்தார்.

"சூசை சொன்னா பாதியாக் குறைச்சுக்கோங்கிறானுக டீச்சர். முகத்துக்கு நேரேயே சொல்றானுக. என் வாயிலேர்ந்து வர்ற ஒரு வார்த்தையை நம்பி, ஒருத்தன் தலையாட்டிட்டுப் போகணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

வெளியே யாரோ கதவைப் பிடித்து உலுக்கினார்கள்.

ஜமீலா கைப்பைக்குள் கையை விட்டாள். மூடிய கையை மேசைமேல் வைத்தாள்.

"ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய். தரம் சொல்லுங்க. சரியாச் சொன்னா உட்காருங்க."

"இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை பிகு?"

சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டார்.

"நாம வாங்குறதா, விக்கிறதா?"

ஜமீலா அவரையே பார்த்தாள்.

"வாங்குறது."

சூசைராஜின் உதடு தானாகப் பிதுங்கியது.

"தேறாது. ராணி முடியெல்லாம் மழுங்கிப் போச்சு. கன்னத்துல கீறல். விளிம்புல அடி வேற. ஃபைன்னு சுமார் தரம் சொல்றதே உங்க முகத்துக்காகத்தான்."

"அடடா, மாத்திச் சொல்லிட்டேண்ணே. விக்கிறது."

"அதை முதல்லயே சொல்ல வேண்டாமா?"

முகம் மலர்ந்தது. நெஞ்சு நிமிர்ந்தது.

"முடி இழை இழையா நிக்குது, பாருங்க! கிரீடத்துல ஒரு பூ அழியலை. கன்னம் அப்படியே கண்ணாடி. உசந்த தரம், எக்ஸ்ட்ரா ஃபைனுக்கும் மேலே..."

பாருங்க என்று நீட்டிய விரல் அந்தரத்தில் நின்றது.

விரலுக்கு நேரே ஜமீலாவின் கை. இன்னும் மூடியபடி.

கதவு திறந்தது. கூட்டம் திமுதிமுவென்று உள்ளே வந்தது. முதலில் வந்தவர் டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இந்த மேசையைப் பார்த்தே நடந்தார்.

சூசைராஜ் நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை. நின்றபடியே லென்ஸை எடுத்துத் துடைத்தார்.

"கையைத் திறங்க டீச்சர்."

அந்தக் குரலை அவரே இதுவரை கேட்டதில்லை.

"வாங்குறதா, விக்கிறதான்னு மட்டும் சொல்லாதீங்க."