நாரையார் வேண்டாம் என்ற கல்

பிரெஞ்சு தேசத்தில், கஷ்கொட்டை மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில், ஒக்தாவ் என்றொரு நாரை இருந்தார். பெயர் வாயில் நுழையவில்லையா? கவலை வேண்டாம். அந்தக் காட்டிலும் பாதிப் பேர் அவரை நாரையார் என்றுதான் கூப்பிட்டார்கள்.

நாரையாருக்கு நீண்ட கால், நீண்ட கழுத்து, இவை இரண்டையும்விட நீண்ட ஆசை ஒன்று. காட்டுத் தலைவரான கரடியாருக்கு வலப்பக்கத்தில் பாசி படர்ந்த கல் ஒன்று கிடந்தது. பிரதம அமைச்சர் உட்காரும் கல் அது. அந்தக் கல்லில் ஒருநாள் உட்கார்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

தொடக்கத்தில் அவர் வெறும் குளத்துத் தலைவர். அவரைத் தேர்ந்தெடுத்தவை தவளைகள். ஒரு நாரைக்குத் தவளைகள் எதற்காக வாக்களித்தன என்று நீங்கள் கேட்பீர்கள். தேர்தல் முடியும்வரை மீனைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்திருந்தார். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார், தேர்தல் முடியும்வரை.

பிறகு ஓடைகள் துறைக்கு அமைச்சரானார். அந்த ஆண்டு பார்த்து மழை கொட்டித் தீர்த்தது. முயல்களின் வளைகளில் வெள்ளம் புகுந்தது. முயல்கள் நனைந்த காதுகளைப் பிழிந்துகொண்டே சபைக்கு ஓடிவந்தன.

"அமைச்சரே, தண்ணீரை எப்படியாவது வடியவையுங்கள்!"

தண்ணீரை எப்படி வடியவைப்பது என்று நாரையாருக்குத் தெரியவில்லை. ஆனால் கம்பீரமாக நிற்கத் தெரியும். ஒரு காலை மடக்கினார், கழுத்தை வளைத்தார், கண்ணை மூடினார்.

"முயல்கள் நனையும்போது நான் பதவியில் இருக்க என் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. விலகுகிறேன்!"

முயல்கள் தாங்கள் எதற்கு வந்தோம் என்பதை மறந்து கைதட்டின. சில நாளில் வெள்ளம் தானாகவே வடிந்தது. நாரையாரின் புகழ் வடியவில்லை. அவர் குளக்கரையில் உட்கார்ந்து 'ஈரமான மனச்சாட்சி' என்று ஒரு புத்தகம் எழுதினார். கரடியார் அதைப் படித்துவிட்டு மூக்கைச் சிந்தினார்.

"பதவியை இப்படி உதறுகிறவரிடம்தான் இதைவிடப் பெரிய பதவியைக் கொடுக்க வேண்டும்" என்றார்.

இப்படியாக நாரையார் உணவுத் துறைக்கு வந்தார். மண்ணுக்குள் விளையும் காளான் யாருக்குச் சொந்தம் என்று பன்றிகளுக்கும் அணில்களுக்கும் சண்டை மூண்டது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய காலையில் நாரையார் மறுபடி ஒற்றைக் காலில் நின்றார், விலகினார், 'மீண்டும் என் மனச்சாட்சி' எழுதினார். மறுபடி அழைப்பு வந்தது, இன்னும் பெரிய துறையோடு. மற்றவர்கள் படியேறி மேலே போனார்கள். அவர் இறங்கி இறங்கியே மேலே போனார்.

இனி அந்தக் காட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யார் புத்தகம் எழுதினாலும் மரங்கொத்தியம்மாளிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை மரப்பட்டைகளில் கொத்திப் படியெடுத்துப் பொந்தில் அடுக்கி வைப்பார். இலையுதிர் காலத்தில் முதல் கஷ்கொட்டை தரையில் விழும் அந்த நொடியில் எல்லாப் புத்தகங்களும் காடெங்கும் போய்ச் சேரும். கொட்டை விழுந்தபின் எந்தப் புத்தகத்தையும் நிறுத்தக் கூடாது. விழுமுன் கொடுக்காதவர் அடுத்த இலையுதிர் காலம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த ஆண்டு, பகலில் நடக்கும் சபைகளில் தூங்கியே காலம் தள்ளிய ஆந்தையார் பிரதம அமைச்சர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். பாசிக் கல் காலியானது.

"கல் காட்டுப்பன்றியாருக்குத்தான் போகும். கரடியாரோடு தினமும் சாப்பிடுகிறவர் அவர்தானே" என்று காடே பேசிக்கொண்டது.

நாரையார் யோசித்தார். பன்றிக்குக் கல் கிடைத்தால் அதே நிமிடம் விலகிவிட வேண்டும். விலகிய சூட்டோடு புத்தகமும் வந்துவிட்டால் கரடியார் மனம் மாறி, கல்லைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கே வந்துவிடுவார். இரவும் பகலும் எழுதினார். 'அந்தக் கல் எனக்கு வேண்டாம்' என்று தலைப்பு வைத்தார்.

மரங்கொத்தியம்மாள் தலைப்பைப் பார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்தார். "ஐயா, நீங்கள் இன்னும் விலகவே இல்லையே?"

"விலகியபின் எழுத உட்கார்ந்தால் கொட்டை விழுந்துவிடும் அம்மா. போன தடவை அவசரத்தில், நான் கண்கலங்கிய இடத்தையே எழுதாமல் விட்டுவிட்டேன்."

"சரி, கல்லை உங்களுக்கே கொடுத்துவிட்டால்?"

"கொடுத்த கையோடு வந்து புத்தகத்தை வாங்கிக்கொள்கிறேன். மேலே பாருங்கள், கொட்டையை மூடிய முள் ஓடு எவ்வளவு பச்சையாக இருக்கிறது! விழ இன்னும் நாளாகும்."

"என்னவோ போங்கள். எனக்கு 'டொக்' என்று கேட்டால் போதும், நான் கொடுத்துவிடுவேன்."

சபை கூடியது. கரடியார் தொண்டையைக் கனைத்தார். நாரையார் விலகுவதற்கு வசதியாக ஒரு காலை மடக்கித் தயாராக நின்றார்.

"நிறைய யோசித்தேன்" என்றார் கரடியார். "சாப்பாட்டுத் தோழமை வேறு, நாட்டுக் காரியம் வேறு. கொள்கைக்காக எதையும் உதறுகிற ஒருவர்தான் இந்தக் கல்லுக்குத் தகுதி. நாரையாரே, வந்து உட்காருங்கள்!"

நாரையாருக்கு மடக்கிய கால் தானாகவே கீழே இறங்கியது. அந்தக் கல் எத்தனை அழகு! பாசிதான் எத்தனை பச்சை! ஒரு அடி வைத்தார். இன்னொரு அடி வைத்தார்.

கல் தனக்கு இல்லை என்று தெரிந்த காட்டுப்பன்றியார் வருத்தப்படவில்லை. அவருக்கு வேறு கவலை. முதுகு அரித்தது. பக்கத்திலிருந்த கஷ்கொட்டை மரத்தில் சாய்ந்து, கண்ணை மூடிச் சுகமாகத் தேய்த்தார். மரம் ஆடியது.

டொக்!

"விழுந்துவிட்டது!" என்று பொந்திலிருந்து குரல் வந்தது. மறுகணம் மரங்கொத்தியின் பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டோடு பறந்தன. முயல் மடியில் ஒரு புத்தகம், மான் கொம்பில் ஒரு புத்தகம், கரடியார் கையில் ஒரு புத்தகம். நாரையார் இன்னும் கல்லைத் தொடவில்லை.

கரடியார் எழுத்துக்கூட்டி வாசித்தார். "'கரடியாரே என் காலில் விழுந்து கெஞ்சினாலும் அந்தக் கல்லில் உட்கார மாட்டேன். பாசி படர்ந்த கல்லைவிடச் சேறு படிந்த என் குளமே எனக்குப் பெரிது...'"

கரடியாரின் கண்ணில் நீர் முட்டியது.

"நாரையாரே, என்ன காரியம் செய்யப் பார்த்தேன்! இந்தக் கல்லைக் கொடுத்து உங்களை அவமானப்படுத்த இருந்தேனே!"

"தலைவரே, அவமானப்படுத்துங்கள்!" என்று அலறினார் நாரையார். "தாராளமாக அவமானப்படுத்துங்கள்!"

"பார்த்தீர்களா? என் மனம் நோகக் கூடாதென்று விட்டுக்கொடுக்கிறார்!"

"ஐயோ, அது சும்மா நடை அழகுக்காக எழுதியது!"

"தன் எழுத்தையே தாழ்த்திப் பேசுகிறாரே, என்ன அடக்கம்!" என்று முயல்கள் உருகின.

"எங்கள் குளம் பெரிதாம்! எங்கள் சேறு பெரிதாம்!" என்று தவளைகள் குதித்த குதியில் பாதி சபைமேல் சேறு தெறித்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மான்கள் நாரையாரைக் கொம்பில் தூக்கிக்கொண்டு ஆடத் தொடங்கின. கீழே இறங்க அவர் எடுத்த முயற்சியெல்லாம் நடனமாகவே கணக்கில் சேர்ந்தது.

கரடியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "பன்றியாரே, நீங்கள் ஏதாவது புத்தகம் எழுதியிருக்கிறீர்களா?"

"எனக்கு முதுகு அரிக்கிறது தலைவரே. வேறெதுவும் தெரியாது."

"நல்லதாயிற்று. உட்காருங்கள்."

காட்டுப்பன்றியார் உட்கார்ந்தார். கல் சொரசொரப்பாக இருந்ததில் அவருக்குப் பரம திருப்தி.

அன்று மாலை குளத்தில் ஒரே கொண்டாட்டம். தவளைகள் பயமில்லாமல் நாரையாரின் கால்மேலேயே ஏறி உட்கார்ந்து பாடின. ஐந்தாம் அத்தியாயத்தில் 'தவளைகள் என் உடன்பிறப்புகள்' என்று எழுதியிருந்தாராம். தன் வாசகர்களையே எப்படி விழுங்குவது? ஒரு மீனைப் பிடித்து விழுங்கினார். மீன் ருசியாகவே இருந்தது. பாட்டும் அவ்வளவு மோசமில்லை. தாளத்துக்கு அவர் கால் ஒன்று தன்னையறியாமல் ஆடியது.

பாட்டு முடிந்ததும், மிச்சப் பட்டைகளைக் கொடுக்க வந்த மரங்கொத்தியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடுத்த புத்தகம் உண்டா ஐயா?"

"இல்லாமல் என்ன? 'நான் அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தால்.' தலைப்பு எப்படி?"

"அருமை. எப்போது கொடுப்பீர்கள்?"

நாரையார் கஷ்கொட்டை மரங்களை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"அடுத்த ஆண்டு, கொட்டை விழுந்த மறுநாள் அம்மா" என்றார்.

நீதி: கிடைக்காத பதவியைத் துறந்ததாகப் பெருமை தேடிக்கொள்பவருக்கு, பதவி கிடைக்கும் நாளில் அந்தப் பெருமையோடு மட்டுமே வீடு திரும்ப நேரும்.