ஓணான் எண்ணிய முந்நூறு படி

அந்தக் காலத்தில் ஓணானுக்குப் பேச்சு இருந்தது. காக்கைக்கும் கழுதைக்கும்கூடத்தான் இருந்தது. ஆனால் ஊர் பயந்தது ஓணானின் வாய்க்குத்தான். அப்போது அதன் கழுத்தில் சிவப்புக் கிடையாது, உடம்பு முழுக்க ஒரே மண் நிறம். வெயில் விழுந்த மதில்சுவரில் வயிறு ஒட்டப் படுத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும்.

அது படுத்துக் கிடந்த மதில் கரடிக்குன்றுக் கோட்டையுடையது. அடிவாரத்து ஊற்றிலிருந்து கோட்டை வாசலுக்கு முந்நூறு படி. உள்ளே இருநூறு வீரர்கள். அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவள் செம்பாயி. உலை கொதிக்கத் தாமதமானால் விறகு ஈரமோ என்று கவலைப்படுவாள். சீக்கிரம் கொதித்துவிட்டால் சோறு குழைந்துவிடுமோ என்று கவலைப்படுவாள். இதற்கெல்லாம் மேலே ஒரு பெரிய கவலை அவளுக்கு இருந்தது. அது அவள் புருஷன் விருமனின் வயிறு.

கரடிக்குன்றில் பருத்த வீரனுக்குத்தான் மதிப்பு. எதிரியின் ஒற்றர்கள் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். மதில்மேல் தொப்பையும் தொந்தியுமாக ஆட்கள் நின்றால், 'இங்கே பத்து வருஷத்து நெல் கிடக்கிறது, முற்றுகை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை' என்று திரும்பிவிடுவார்கள். அதனால் வீரர்கள் ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, உடம்பு கரைந்துவிடும் என்று தளவாய் உத்தரவு போட்டிருந்தார். வாளுக்கும் வேலுக்கும் தினமும் சாணை பிடித்தார்கள். அவற்றைப் பிடிக்கிற கையை யாரும் நினைக்கவில்லை. மதிலின் முன்வரிசையில் முதல் ஆளாக நின்றவன் விருமன். அதில் அவனுக்குப் பெருமை வேறு.

ஒருநாள் காலையில் ஊற்றுக்குப் போன பெண்களை ஒரு கரடி மறித்தது. கூச்சல் கேட்டு வீரர்கள் இறங்கி ஓடினார்கள். அத்தனை கூட்டத்தைப் பார்த்த கரடி காட்டுக்குள் போய்விட்டது. இறங்கியது சரி, ஏற வேண்டுமே. நூறாவது படியில் பாதிப்பேர் உட்கார்ந்துவிட்டார்கள். நூற்றிருபதாவது படியில் விருமன் சாய்ந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகப் பின்னால் வந்த செம்பாயி, குடங்களை இறக்கிவிட்டு முந்தானையால் விசிறினாள்.

மதிலிலிருந்து ஓணான் கேட்டது. "தாயி, உன் புருஷன் படி ஏறுறானா, படிக்கு முட்டுக் குடுக்குறானா?"

"வாயை மூடு. மூச்சு நின்னுருமோன்னு நானே பதறிக்கிட்டு இருக்கேன்." விசிறிக்கொண்டே இருந்தவள் சட்டென்று கையை நிறுத்தினாள். "ஆமா, ரெண்டு குடம் சுமந்த எனக்கு ஏன் மூச்சு வாங்கலை?"

"நீ ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்குறே. அவன் நாலு தடவை திங்கிறான்."

செம்பாயி மறுபடி விசிறினாள். வந்தது கரடியாக இல்லாமல் எதிரியாக இருந்திருந்தால், இந்த நூற்றிருபதாவது படியில் அவள் தாலி போயிருக்கும். அன்று முழுக்க அந்த நினைப்பு அவளை விடவில்லை.

மறுநாள் அடுப்பு எரியவில்லை. "அவனவன் குடத்துத் தண்ணி மேலே வந்தாத்தான் அவனவன் அரிசி உலையில விழும்" என்று சொல்லிவிட்டு, கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தளவாயே சமையற்கட்டுக்கு வந்தார். "என்ன காரியம் செய்கிறாய்? ஆட்கள் இளைத்தால் கோட்டையில் பஞ்சம் என்று எதிரி நினைப்பான். படையோடு வந்து நிற்பான்."

"இன்னைக்கே வந்தா மட்டும் இவங்க என்ன செய்வாங்க ஐயா? அவங்க மேலே உருண்டு விழுவாங்களா?"

பின்னால் நின்ற வீரர்கள் சிரித்துவிட்டார்கள். தளவாய் சிரிக்கவில்லை. நேற்று படியில் உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருவர். "நாற்பது நாள் தருகிறேன்" என்றார். "அதற்குள் எதிரி வந்தால் பழி உன் தலையில். உன்னையும் உன் புருஷனையும் வெளியே நிறுத்திவிட்டு வாசலைச் சாத்திவிடுவேன்."

நாற்பது நாள் போதுமா என்று செம்பாயிக்குக் கவலை. ஆனாலும் கரண்டியை விடவில்லை. "சரிங்க ஐயா" என்றாள்.

"எண்ணுறது என் பொறுப்பு" என்றது ஓணான். "ஒரு படி குறைச்சாலும் பேரைச் சொல்லிக் கத்துவேன்."

கத்தவும் செய்தது. முதல் நாள் வீரர்கள் கொண்டுவந்த குடங்களில் பாதித் தண்ணீர்தான் மிச்சம். பத்தாம் நாள் உட்காராமல் ஏறினார்கள். மழை வந்து படி வழுக்கிய நாட்களில், ஓணான் மதில்மேல் முன்னங்கால்களை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி இறக்கியது. "சுவர் ஏறுற வித்தை இதுதான். செய்ங்க பார்ப்போம்." விருமன் குப்புறப் படுத்துக் கையை ஊன்றினான். தோள் எழுந்தது, தலை எழுந்தது, வயிறு தரையிலேயே கிடந்தது.

"விருமா, மிச்சத்தை எப்ப எடுத்துக்கிட்டு வரப்போறே?"

"இரு, ஒருநாள் உன்னைக் குழம்பு வைக்கச் சொல்றேன்" என்று மூச்சிரைத்தான் விருமன். முப்பதாம் நாள் அவன் ஒரே மூச்சில் ஐம்பது தண்டால் எடுத்தான். இடுப்பு வேட்டியை இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருந்தது. செம்பாயிக்குச் சந்தோஷம்தான். கூடவே, இத்தனை இளைத்துவிட்டானே என்று அதற்கும் ஒரு கவலை.

தளவாய் பயந்தபடியே நடந்தது. முப்பத்தெட்டாம் நாள் விடிந்தபோது அடிவாரத்தில் ஐந்நூறு பேர் நின்றார்கள். கோட்டையில் பஞ்சம் என்று ஒற்றர்கள் சொன்னதை நம்பி, அவர்கள் ஏணிகூடக் கொண்டுவரவில்லை. பசித்துக் கிடப்பவர்களைக் கட்டி இழுத்துப் போகக் கயிறுதான் கொண்டுவந்திருந்தார்கள்.

தளவாய் செம்பாயியைத் திரும்பிப் பார்த்தார். "சொன்னேனா இல்லையா?"

"எங்களை வெளியே நிறுத்தணும்னா நிறுத்துங்க ஐயா. ஆனா இவங்களையும் எங்ககூட அனுப்புங்க" என்றாள். "கீழே போய் அவங்களைச் சீண்டிட்டு, ஓடிவர்ற மாதிரி மேலே ஓடி வரட்டும். அவங்க துரத்துவாங்க. முந்நூறாவது படியில நம்ம ஆளுங்க திரும்பினாப் போதும். அதுக்குள்ள அவங்க நிலைமை என்னவா இருக்கும்னு உங்களுக்கே தெரியும்."

தளவாய்க்குத் தெரியும். ஆனால் கேடயத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன் படியை எப்படி எண்ணுவான்? முன்கூட்டித் திரும்பினால் எதிரிக்கு மூச்சு மிச்சமிருக்கும். ஒரு படி தவறினால் எதிரி வாசலுக்குள் வந்துவிடுவான்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றது ஓணான்.

இருநூறு பேரும் இறங்கினார்கள், சீண்டினார்கள், திரும்பி ஓடினார்கள். ஐந்நூறு பேர் துரத்தினார்கள். மதில்மேலிருந்து ஓணான் உச்சக்குரலில் எண்ணியது. ஐம்பது. நூறு. நூற்றிருபதாவது படியில் எதிரிகளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. இருநூறு. கூச்சலுக்கும் கேடயச் சத்தத்துக்கும் மேலே கேட்க வேண்டுமென்று ஓணான் தொண்டை கிழியக் கத்தியது. கழுத்தில் ரத்தம் ஏறிச் சிவந்தது. இருநூற்றுத் தொண்ணூறு என்றதோடு குரல் உடைந்தது. அதன்பிறகு காற்றுத்தான் வந்தது.

வாசலில் நின்ற செம்பாயி படிகளை எட்டிப் பார்த்தாள். எண்ணிக்கை நின்றுபோனதால் ஓடுகிறவர்கள் தடுமாறுவது தெரிந்தது. எல்லோருக்கும் முன்னால் வந்த விருமன் நிமிர்ந்து மதிலைப் பார்த்தான். ஓணான் முன்னங்கால்களை ஊன்றி எழுந்தது, தாழ்ந்தது, தலையை ஆட்டியது. மழைநாள் முற்றத்தில் பார்த்த அதே எண்ணிக்கை. ஒன்று. இரண்டு.

"சுவரைப் பாருங்கடா!" என்று கத்தினான்.

ஓணான் பத்தாவது முறை எழுந்தபோது இருநூறு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். எதிரில் வந்தவர்களால் வேல்களைத் தூக்கக்கூட முடியவில்லை. ஒருவன் உட்கார்ந்தான். அவனைப் பார்த்து அடுத்தவன் உட்கார்ந்தான். அவர்கள் கொண்டுவந்த கயிற்றாலேயே அவர்களைக் கட்டினார்கள்.

செம்பாயி குடத்தோடு போனாள். "முதல்ல குடிங்க. நெஞ்சு அடைச்சுச் செத்து வைக்காதீங்க."

தண்ணீரைக் குடித்துவிட்டு எதிரித் தலைவன் கேட்டான். "உங்களுக்குப் பஞ்சம்னாங்களே?"

"பஞ்சமில்லை. தண்ணி எடுக்கப் போனாங்க" என்றாள்.

பிடிபட்டவர்களைத் தளவாய் விட்டுவிட்டார். அவர்கள் தங்கள் ஊருக்குப் போனதும் முதல் வேலையாகத் தங்கள் படையை ஓடிப் பழகவைத்தார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த ஊர், அதைப் பார்த்து அதற்கும் அடுத்த ஊர்.

செம்பாயி தேனும் திப்பிலியும் குழைத்து ஓணானின் தொண்டையில் தடவிப் பார்த்தாள். ஓணானுக்குக் குரல் திரும்பவில்லை, கழுத்தின் சிவப்பும் போகவில்லை. நாற்பத்தொன்றாம் நாள், கெடுதான் முடிந்ததே என்று வீரர்கள் விடிந்தும் படுத்திருந்தார்கள். விருமன் மட்டும் எழுந்து வெளியே வந்தான். மதில்மேல் ஓணான் எழுந்து தாழ்ந்து எண்ணிக்கொண்டிருந்தது. அவனும் தரையில் கையை ஊன்றினான். ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் ஊன்றினார்கள். செம்பாயி அடுப்பைப் பற்றவைத்தாள்.

அன்று முதல்தான், சண்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடிந்ததும் வீரர்கள் ஓடுகிறார்கள், தண்டால் எடுக்கிறார்கள். ஓணானும் அன்று முதல்தான் சுவரில் சும்மா படுப்பதில்லை. சிவந்த கழுத்தோடு எழுந்து தாழ்ந்து, யாரும் ஒன்றைக் குறைத்துவிடாமல் தலையாட்டி எண்ணிக்கொண்டே இருக்கிறது.