பிரம்பு திரைக்கம்பான கதை

மழலையர் வகுப்பு வாசலில் ‘செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். ஆனாலும் பள்ளிக்கூடத்தின் தாளாளர் ஆவுடையப்பன் மட்டும் செருப்புக் காலோடுதான் பாயை மிதிப்பார். அவரைக் கேட்க யாருக்குத் துணிச்சல்?

ஒருநாள் பிரம்பும் கையுமாக வந்து வாசலில் நின்றார். புதிதாகச் சேர்ந்த ஜெசிந்தா டீச்சரைக் கூப்பிட்டார்.

“அடிக்காமலே பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவருவீங்களாமே? எவ்வளவு பெரிய பிடிவாதக்காரனா இருந்தாலுமா? அதட்டாம, கெஞ்சாம இப்பவே ஒரு ஆளைப் பணிய வச்சுக் காட்டுங்க. முடியலேன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்.”

“ஆகட்டும் சார், உள்ளே வாங்க. செருப்பைக் கதவுக்கு இந்தப் பக்கம் விடுறீங்களா, அந்தப் பக்கம் விடுறீங்களா?”

“இந்தப் பக்கமே கிடக்கட்டும்” என்று கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தார். “ம், ஆரம்பிங்க.”

“முடிஞ்சுபோச்சு சார்.”

“என்னம்மா முடிஞ்சுது?”

அதற்குள் முன்வரிசை வாண்டுகள் கூச்சல் போட்டன: “ஐ! பெரிய சார் இன்னைக்குச் செருப்புப் போடல!”

தாளாளர் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“கழட்டுங்கன்னு சொல்லியிருந்தா கழட்டியிருக்கவே மாட்டேன்.”

“பிள்ளைகளும் அப்படித்தான் சார். அந்தப் பிரம்பை என்கிட்ட தர்றீங்களா, அலமாரி மேல போடுறீங்களா?”

இந்த முறை விஷயம் தெரிந்தேதான் அவர் பிரம்பை நீட்டினார். இப்போது அதில் அந்த வகுப்பின் ஜன்னல் திரை தொங்குகிறது.