அறுகாதனின் பாய்ச்சல்

மூங்கில்மடு என்ற குளத்தின் கரையில் ஒரு பெரிய நாவல் மரம் நின்றது. அதன் உச்சிக் கிளையில் கருவாயன் என்ற குரங்கு குடியிருந்தான். கறுத்த முகமும் நீண்ட வாலும் உடையவன். மரத்தடியில் ஒரு புள்ளிமான் கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கும். கருவாயன் பழத்தைப் பாதி தின்பான், பாதியைக் கீழே போடுவான். மான்கள் பொறுக்கித் தின்னும்.

பழத்துக்காக மட்டும் மான்கள் அங்கே வரவில்லை. உச்சிக் கிளையிலிருந்து பார்த்தால் புல்வெளி முழுவதும் தெரியும். சிறுத்தை தலைகாட்டினால் கருவாயன் உடனே குரல் கொடுப்பான். மான்கள் சிதறி ஓடிவிடும். தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் சிறுத்தையும் பதுங்குவதை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

அந்தக் கோடையில் எங்கிருந்தோ ஒரு புதுச் சிறுத்தை வந்து சேர்ந்தது. அதற்கு ஒரு காது பாதிதான் இருந்தது. எல்லோரும் அதை அறுகாதன் என்று அழைத்தார்கள். மற்ற சிறுத்தைகள் பசித்தால் கொல்லும். அறுகாதன் கொன்றதைத் தின்று முடிக்காமலே மறுநாள் இன்னொன்றைக் கொன்றான். முயல், பன்றிக்குட்டி, மயில் என்று எதையும் விடவில்லை. ஓடைப் பக்கம் தனியாகப் போன சிட்டு என்ற மான்குட்டியும் அவனிடம் அகப்பட்டது. சிட்டுவின் தாய் தாழை, கருவாயனுக்கு நெடுநாள் சிநேகிதி.

ஒரு நாள் அறுகாதன் நாவல் மரத்தை நோக்கி வந்தான். கருவாயன் கத்தினான். மான்கள் ஓடின. அறுகாதன் கோபப்படவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து, தலையைத் தூக்கிக் கருவாயனை ஒரு முறை பார்த்தான். பிறகு சோம்பல் முறித்துவிட்டு மெதுவாக நடந்து போனான்.

அந்தப் பார்வை கருவாயனை விடவில்லை. சாயங்காலம் குளத்தில் தண்ணீர் குடிக்க வந்தவர்களிடம் அதைச் சொன்னான். வழக்கமாகக் கருவாயன் பேசினால் யாரும் நின்று கேட்பதில்லை. அன்று முயல்கள் நின்றன. காட்டுப்பன்றி சேற்றை விட்டு எழுந்து வந்தது. அறுகாதனின் கண் என்ன நிறம், நடந்தால் சத்தம் கேட்குமா, அந்தக் காது எப்படி அறுந்தது என்று ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னான். தெரியாததையும் சொன்னான்.

மறுநாள் கூட்டம் இரண்டு மடங்கானது. கருவாயன் இப்போது மரம் விட்டு மரம் தாவி அறுகாதனைத் தொடர்ந்து போக ஆரம்பித்தான். அவன் எங்கே படுப்பான், எந்தப் பாறையில் நகம் தீட்டுவான், இரையை எந்தக் கிளையில் தொங்கவிடுவான் என்பதெல்லாம் கருவாயனுக்கு அத்துப்படியாயிற்று. எதற்காக இந்த வேலை என்று தாழை கேட்டபோது, எதிரியைப் பற்றித் தெரிந்துகொண்டால்தானே உங்களைக் காப்பாற்ற முடியும் என்றான். அதை அவனே நம்பினான்.

காடு முழுவதும் அறுகாதன் பேச்சாகவே இருந்தது. குட்டிகள் அறுகாதன் விளையாட்டு விளையாடின. அதில் எல்லாக் குட்டிகளுக்கும் அறுகாதனாக இருக்கத்தான் ஆசை. மானாக நிற்க ஒன்றுகூட முன்வரவில்லை. பெரியவர்களுக்கும் சாயங்காலம் ஆனால் கால் தானாகக் குளத்தங்கரைக்கு இழுத்தது. பயப்பட வேண்டிய ஒன்றைப் பயமில்லாமல் உட்கார்ந்து கேட்பதில் ஒரு சுகம் இருந்தது.

ஒரு நாள் கருவாயன் ஓடைக்கரைக் கொலையைச் சொன்னான். அறுகாதன் நாணலுக்குள் எப்படிக் காத்திருந்தான், எப்படி மூச்சை அடக்கினான், எப்படி ஒரே பாய்ச்சலில் குட்டியின் கழுத்தைப் பிடித்தான் என்று கிளையில் குதித்துக் காட்டினான். எல்லோரும் வாய் பிளந்து கேட்டார்கள். கலைந்து போனபோதுதான் கூட்டத்தின் ஓரத்தில் தாழை நிற்பதைக் கண்டான்.

"கதை நன்றாக இருந்தது தம்பி. அதில் என் குட்டி எங்கே?" என்றாள் தாழை.

"சொன்னேனே அக்கா. குட்டி என்று சொன்னேனே."

"குட்டி என்றுதான் சொன்னாய். நீ போடுகிற நாவல் பழத்தைக் கொட்டையோடு விழுங்கிவிட்டு இருமுமே, அதைச் சொல்லவில்லை. உன் வால் கீழே தொங்கினால் கடித்து இழுக்குமே, அதையும் சொல்லவில்லை. அவன் காது அறுந்த கதை எல்லோருக்கும் தெரிகிறது. என் குட்டியின் பெயரை இங்கே யாராவது கேட்டார்களா?"

கருவாயனுக்கு முகம் தொங்கிப் போயிற்று. நாளைக்குச் சிட்டுவைப் பற்றித்தான் பேசுவேன் என்று வாக்குக் கொடுத்தான்.

வாக்குப்படி மறுநாள் சிட்டுவைப் பற்றித்தான் ஆரம்பித்தான். பழக்கொட்டையைப் பற்றிச் சொன்னான். முயல்கள் கொஞ்ச நேரம் கேட்டன. பிறகு காதைச் சொறிந்தன. காட்டுப்பன்றி கொட்டாவி விட்டு, அதெல்லாம் இருக்கட்டும், அறுகாதன் எப்போது வருவான் என்று கேட்டது. கூட்டம் கலைந்துவிடுமோ என்று கருவாயனுக்குப் பயம் வந்தது. கதைக்குள் அறுகாதனை வரவழைத்துவிட்டான். தாழை அதற்குப் பிறகு சாயங்காலங்களில் வரவில்லை. பகலில் மட்டும் எப்போதும்போல மரத்தடிக்கு வந்தாள். அவனிடம் கோபமாகவும் இல்லை.

கருவாயனுக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. எல்லோருக்கும் பிடித்த அந்தப் பாய்ச்சலை அவன் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. அவன் கதையில் வந்த பாய்ச்சல் அவனாகக் கட்டியது. அவன் எதிரே எந்தச் சிறுத்தையும் பாய்ந்ததில்லை. அதற்குள் அவன் கத்திவிடுவான். ஒரே ஒரு முறை உண்மையான பாய்ச்சலைப் பார்த்துவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

ஒரு மத்தியானம் வெயில் கொளுத்தியது. மற்ற மான்கள் நிழலில் படுத்து அசைபோட்டன. தாழை மட்டும் சற்றுத் தள்ளி, புல்வெளியின் ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்தாள். புல் ஓரிடத்தில் காற்றில்லாமல் அசைந்தது. கருவாயன் பார்த்தான். பாதிக் காது தெரிந்தது.

கத்துவதற்கு வாயைத் திறந்தான். கத்தவில்லை. நடுவில் இருக்கும் அந்தக் காரைப்புதர் வரை வரட்டும், அப்போது கத்தினாலும் தாழை ஓடிவிடுவாள் என்று நினைத்தான். அறுகாதன் காரைப்புதருக்கு வந்தான். வயிறு தரையில் உரச, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தான். இவ்வளவு அருகில் அவன் வேட்டைக்கு நகர்வதைக் கருவாயன் பார்த்ததே இல்லை. இன்னும் ஒரு கணம் பார்க்கலாம் என்று தோன்றியது.

அப்போது தாழை தலையைத் தூக்கினாள். ஏதோ வாடை வந்திருக்க வேண்டும். மூக்கைச் சுருக்கினாள். பிறகு நிமிர்ந்து மரத்தின் உச்சியைப் பார்த்தாள். கருவாயன் அங்கே இருந்தான். சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தான். அவன் பேசாமல் இருந்தால் ஒன்றுமில்லை என்றுதான் அவள் இத்தனை காலமும் வாழ்ந்திருந்தாள். மறுபடியும் குனிந்து புல்லைக் கடித்தாள்.

அறுகாதன் பாய்ந்தான்.

கருவாயன் கத்தியபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. மற்ற மான்கள் எழுந்து ஓடின. புழுதியில் தாழையின் கால்கள் கொஞ்ச நேரம் உதைத்தன. அந்தப் பாய்ச்சலில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. கனமான மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அறுகாதன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். அந்த முகத்தில் வீரமும் இல்லை, மர்மமும் இல்லை, ஒன்றுமே இல்லை. இத்தனை நாள் எதைத் தேடி இவன் பின்னால் அலைந்தோம் என்று கருவாயனுக்கு விளங்கவில்லை.

அறுகாதன் இரையை இழுத்துக்கொண்டு போன பிறகு மான் கூட்டத்தை நடத்தும் கிழட்டுக் கலைமான் மரத்தடிக்கு வந்தது.

"நீ தூங்கிவிட்டாயா?" என்று கேட்டது.

தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் கலைமான் நம்பியிருக்கும்.

"இல்லை," என்றான் கருவாயன். "பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்."

கலைமான் அன்றைக்கே கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு குளத்தின் மறுகரைக்குப் போய்விட்டது. அங்கே நல்ல மரமில்லை, பழமும் இல்லை. இருந்தாலும் அவர்கள் திரும்பி வரவில்லை.

சாயங்காலம் மற்றவர்கள் வந்தார்கள். வழக்கத்தைவிடப் பெரிய கூட்டம். செய்தி அதற்குள் பரவியிருந்தது. பாய்ச்சலைக் கண்ணால் பார்த்தாயாமே, எத்தனை அடி தூரம், முதலில் எங்கே கடித்தான் என்று காட்டுப்பன்றி ஆவலோடு கேட்டது. முயல்கள் முண்டியடித்து முன்னால் வந்தன.

"அவள் பெயர் தாழை," என்று ஆரம்பித்தான் கருவாயன். "வறட்சி வந்த வருஷம் குளத்தில் தண்ணீர் இருந்த இடத்தை அவள்தான் மோந்து கண்டுபிடித்தாள். நீங்கள் எல்லோரும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தீர்கள். கடைசியாக அவள் என்னைப் பார்த்தாள். நான் இருக்கிறேன் என்று நம்பித்தான் குனிந்தாள்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. பாய்ச்சலைப் பற்றிச் சொல்லப்போகிறானா இல்லையா என்று ஒரு முயல் பக்கத்து முயலிடம் முணுமுணுத்தது. அந்த நேரத்தில் அதே கரையில் சற்றுத் தள்ளி நின்ற புளியமரத்தில் ஒரு மைனா, அறுகாதன் பாய்ந்த விதத்தை உரத்த குரலில் விவரிக்கத் தொடங்கியது. அது எதையும் பார்த்ததில்லை. ஆனாலும் கூட்டம் ஒவ்வொன்றாக எழுந்து அந்தப் பக்கம் போயிற்று. காட்டுப்பன்றிதான் கடைசியாகப் போனது.

கருவாயன் யாருமில்லாத கரையில் தாழையைப் பற்றியும் சிட்டுவைப் பற்றியும் தனக்குத் தெரிந்ததையெல்லாம் கடைசி வரை சொல்லி முடித்தான்.

கொல்பவனையே வியந்து பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு, தன்னை நம்பிச் சாகப்போகிறவர் எதிரே நின்றாலும் தெரிவதில்லை.