ஆற்றுக் காவலனின் காகிதம்

"எனக்கா இந்த வேஷம்?" என்று கேட்டான் முனீர்.

ஷேக் ஸாதிக் நிமிரவில்லை. நாடகக் கூடாரத் துணியின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத்தான்."

முஹர்ரம் பத்தாம் நாளான ஆஷூராவுக்கு இன்னும் மூன்று நாள். தெற்கு லெபனானின் அந்த மலையூரில் அன்று கர்பலாவை நடித்துக் காட்டுவார்கள். பாலைவனத்தில் இமாம் ஹுசைனின் கூடாரங்களை எதிரிப்படை வளைத்து, ஆற்றுத் தண்ணீரை மறித்த கதை.

கூடாரத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுக்கப் போய் உயிர்விட்ட அப்பாஸின் வேஷத்தை ஆறு வருடமாக முனீர்தான் கட்டினான். இந்த வருடம் ஷேக் அவனிடம் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்திருந்தார். எதிரிப்படையின் ஆற்றுக் காவல் தலைவனின் வசனம்.

"ஊர் என்மேல் செருப்பை வீசும்."

"வீசும். போன வருடம் இதே வேஷம் கட்டிய ரொட்டிக்கடை ஜமீலுக்கு மூன்று கிடைத்தது. ஒன்றுக்கொன்று ஜோடி சேரவில்லை என்று இன்னும் குறைப்படுகிறான்."

முனீர் சிரிக்கவில்லை.

"இயக்கத்தைத் தொடங்கிய அன்று புகையிலை காயவைக்கும் கொட்டகையில் நாம் பதினொரு பேர் இருந்தோம், ஷேக். நினைவிருக்கிறதா? 'விளைவிப்பவன் நீ, விலை சொல்பவன் நிலப்பிரபு. இதற்குப் பொறுமை என்று பெயர் வைக்காதே' என்றீர்கள். எனக்குக் கோபப்படக் கற்றுக்கொடுத்தது நீங்கள்."

"நான்தான்."

"அந்நியப் படை ஊருக்குள் டாங்கி ஓட்டியபோது துப்பாக்கி எடுத்தது யார்? நாம். இன்று இயக்கத்துக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. அறுபது வருடமாக யாரும் போடாத குழாயைப் போட்டோம். மலை உச்சியில் தொட்டி கட்டினோம்."

"கட்டினீர்கள். முதல் தண்ணீர் வந்த அன்று நான் அழுதேன்."

"பிறகு ஏன் இது?"

ஷேக் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, அடுத்த கிழிசலுக்கு நகர்ந்தார்.

"காலையில் உம்மு நபீல் வந்திருந்தாள்."

முனீரின் முகம் இறுகியது.

தொட்டிக்கு அவன்தான் பொறுப்பு. உம்மு நபீலின் மகன் நபீல் எதிர்க் கட்சியில் இருந்தான். அவர்களும் ஷியாக்கள்தான். ஒரு மாதமாக இயக்கத்தாரும் அவர்களும் பக்கத்து ஊர்களில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்து நாளாக அந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் இல்லை.

"என்னைப் பற்றிப் புகார் சொன்னாளா?"

"தண்ணீர் கேட்டாள். ஒரு குடம் எடுத்துப் போனாள். பேரனுக்குக் காய்ச்சல்."

"நபீல் எங்கள் ஆட்கள் இரண்டு பேரைக் கொன்றவன்."

"அவன் அந்த வீட்டில் இருக்கிறானா?"

"இல்லை."

"யார் இருக்கிறார்கள்?"

முனீர் கையிலிருந்த காகிதத்தை இன்னும் சிறியதாக மடித்தான். "இது போர், ஷேக். பள்ளிவாசலில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது," என்றான்.

ஊசி நின்றது.

"உன் தம்பியைக் குழிக்குள் இறக்கியது இந்தக் கை," என்றார் ஷேக். "எனக்குத் தெரியாது என்று இன்னொரு முறை சொல்லாதே."

துணியை உதறி எழுந்தார்.

"படி. நான் கூடாரத்திலிருந்து வருகிறவன். நீ ஆற்றங்கரையில் நிற்கிறாய்."

பகைவன் வேஷத்துக்கு அந்த ஊரில் ஒரு விதி உண்டு. அப்பாஸாக நடிப்பவன் மனப்பாடமாகப் பேசலாம். பகைவனாக நடிப்பவன் காகிதத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அந்தச் சொல் அவனுடையதல்ல என்று ஊர் பார்க்க வேண்டும், இறைவன் பார்க்க வேண்டும். ஜமீலுக்கு எழுத்தே தெரியாது. அவனும் காகிதத்தைக் கண்ணெதிரே பிடித்துக்கொண்டுதான் நிற்பான்.

முனீர் காகிதத்தைப் பிரித்தான்.

"குழந்தைகள் இருக்கிறார்கள்," என்றார் ஷேக். "நாக்கு வறண்டு கிடக்கிறார்கள்."

"குழந்தைகளுக்கு இரங்கினால்," என்று படித்தான் முனீர், "பெரியவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்."

"ஒரு தோல்பை தண்ணீர் போதும்."

"உங்கள் தலைவர் பணியட்டும். அந்த நிமிடமே ஆறு உங்களுடையது."

"பெண்கள் என்ன செய்தார்கள்?"

முனீர் நிமிர்ந்து ஷேக்கின் முகத்தைப் பார்த்தான்.

"அவனுக்குச் சோறு போட்டது யார்? அவர்கள்தானே? எங்கள் ஆட்களைப் புதைத்த அன்று அந்த வீட்டில் ஒருத்தி அழுதாளா?"

"பிள்ளைக்குக் காய்ச்சல்."

"அதை என்னிடம் சொல்லாதீர்கள். அவனைப் போய்க் கேளுங்கள். ஒரு சொட்டு போகாது. நான் இங்கே நிற்கும்வரை போகாது."

குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

ஷேக் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. காத்திருந்தார்.

முனீர் அடுத்த வரியைத் தேடிக் குனிந்தான்.

காகிதத்தில் இரண்டே வரி இருந்தது. அதற்குக் கீழே எதுவும் எழுதப்படவில்லை.

திருப்பிப் பார்த்தான். அந்தப் பக்கமும் வெறுமை.

ஷேக் கையை நீட்டினார்.

"கொடு. அது ஜமீலுக்கு வேண்டும்."